ஃபோ கடையில் எதைக் கேட்டுச் சாப்பிடுவது?

கேள்வி: அலுவல் நிமித்தம் அடிக்கடி வெளிநாடு செல்கிறேன், சில பயணங்களில் கணவரும் உடன் வருவார். போகும் ஊர்களிலெல்லாம் ‘ஃபோ’ எனும் வியட்நாமிய நூடுல்ஸ் சூப் கிடைக்கிறது. சிட்னியில் தட்டு நிறைய முளைப்பயறும் இலைதழைகளும் உடன் வைத்தார்கள். பிராக் நகரிலோ வெறும் கிண்ணம்தான் வந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? மேலும், நான் கோழி உண்பேன், மாட்டிறைச்சி உண்பதில்லை. கணவர் சுத்த சைவம். நாங்கள் எதைக் கேட்டு வாங்குவது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பிராக் கடைக்காரர் மீது குற்றமில்லை, அவர் தம் ஊர் வழக்கப்படியே பரிமாறியிருக்கிறார். ஃபோ, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோய், நாம் தின் முதலிய வட வியட்நாமியப் பகுதிகளில் உருவான உணவு. மாட்டெலும்பை மணிக்கணக்கில் காய்ச்சி, நெருப்பில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும், அன்னாசிப்பூவும் பட்டையும் கிராம்பும் சேர்த்து இறக்குகிற தெளிந்த சாறே அதற்கு ஆதாரம். 1954இல் நாடு பிரிந்தபோது தெற்கே குடிபெயர்ந்த வடக்கத்தியர் அதைச் சைகோனில் பரப்பினர். அங்கே சாற்றில் இனிப்பு ஏறியது, முளைப்பயறும் துளசியும் எலுமிச்சையும் ஹோய்சின் எனும் இனிப்புச் சாஸும் மேசைக்கு வந்தன. 1975இல் போர் முடிந்தபின் அகதிகளாகக் கடல் கடந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தியர் ஆதலால், சிட்னியின் கப்ரமட்டாவிலும் கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரிலும் உங்களுக்குக் கிடைப்பது சைகோன் பாணி ஃபோ. பிராகுக்கும் கிழக்கு பெர்லினுக்கும் வந்தவர்களின் கதை வேறு. அவர்கள் சோஷலிச அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் பேரில் தொழிலாளர்களாக வந்தவர்கள், பெரும்பாலும் வடக்கத்தியர். பெர்லினில் உள்ள வியட்நாமியச் சந்தை வளாகத்துக்கு ஹனோயின் பழைய சந்தையான டோங் சுவானின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அப்பாணியில் வெங்காயத்தாளைத் தாராளமாகத் தூவி, பூண்டு ஊறிய வினிகரும் மிளகாயும் மட்டும் பக்கத்தில் வைப்பார்கள். சாற்றின் தரத்தை மறைக்க அங்கே எதுவும் இல்லை என்பதால், என்னைக் கேட்டால் இதுவே மேல். தட்டு நிறையத் தழை வேண்டும் என்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள்.

எந்தப் பாணியானாலும், சாஸ் பாட்டிலைத் தொடுவதற்கு முன் சாற்றை இரண்டு கரண்டி வெறுமனே குடித்துப் பாருங்கள். ஹோய்சினையும் ஸ்ரீராச்சா எனும் மிளகாய் சாஸையும் சிறு கிண்ணியில் ஊற்றி இறைச்சியைத் தொட்டுக்கொள்வதற்கு வைத்துக்கொள்ளலாம். நூடுல்ஸ் ஊறிப் பருத்துவிடுமுன் சூடாகச் சாப்பிட்டுவிட வேண்டும். உறிஞ்சும் ஓசையை அங்கே யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

இனி, மாட்டிறைச்சி பற்றி. நம்மவர்கள் பலரும் ‘மேலே என்ன கறி?’ என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். கேட்கவேண்டியது ‘சாறு எதில் காய்ச்சியது?’ என்பதுதான். மாட்டிறைச்சி ஃபோவையே முதன்மையாக விற்கும் கடைகள் சிலவற்றில், கோழி ஃபோ கேட்டாலும் அதே மாட்டெலும்புச் சாற்றை ஊற்றி மேலே கோழித்துண்டுகளை அடுக்கித் தந்துவிடுவார்கள். அவர்கள் கணக்கில் அது பிழையன்று, ஆனால் உங்களுக்கு ஆகாது. ‘ஃபோ கா’ எனப்படும் கோழி ஃபோவையே பெயர்ப்பலகையில் முன்னிறுத்தும் கடைகளில் தனிக் கோழிச்சாறு இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆயினும் அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். (1939 வாக்கில், ஹனோயில் வாரத்தில் சில நாள்கள் மாட்டிறைச்சி கிடைக்காமற்போனதால்தான் கோழி ஃபோ பிறந்தது என்று சொல்லப்படுவதுண்டு.) ஹுவே நகரத்துக் காரமான ‘பூன் போ’ என்னும் சூப்பில் மாட்டிறைச்சியோடு பன்றிக்காலும் சில கடைகளில் உறைந்த இரத்தக் கட்டிகளும் இருக்கும் என்பதால், அதை நீங்கள் தவிர்த்துவிடுவது நல்லது.

உங்கள் கணவர் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சாதாரணக் கடைகளில் ‘காய்கறி ஃபோ’ என்று எழுதியிருப்பது, மாட்டெலும்புச் சாற்றில் மிதக்கும் காய்கறியாகவும் இருக்கலாம். மாட்டெலும்புச் சாற்றை முழுக்கத் தவிர்த்தாலும் மீன் சாஸ் உள்ளே நுழைந்துவிடும். அவர் தேடவேண்டியது ‘சாய்’ என்று குறித்த கடைகளை, அதாவது பௌத்த மரபில் சமைக்கும் சைவ உணவகங்களை. காளானும் முள்ளங்கியும் போன்றவற்றில் சாறு எடுக்கும் இத்தகைய இடங்கள் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. வியட்நாமியப் பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் கடைப்பிடிப்பதால், நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய அந்நாள்களில் வழக்கமான கடைகள் சிலவற்றிலும் சைவ ஃபோ கிடைக்கும். எங்கே போனாலும் ‘இது சைவமா?’ என்று பொதுவாகக் கேட்காமல், சாறு எதில் காய்ச்சியது, மீன் சாஸ் சேர்ப்பீர்களா என்று இரண்டு கேள்விகளாகக் கேளுங்கள். இரண்டாவதற்குப் பரிமாறுபவர் சற்றே தயங்கினால், கணவருக்கு வேறு கடை பார்த்துவிடுங்கள்.