வரப்பை உயர்த்தும் முன் மட்டம் பாருங்கள்

கேள்வி: தர்மபுரி பக்கம் 3 ஏக்கர் செம்மண் மானாவாரி. நிலக்கடலை போடுகிறோம். போன ஐப்பசி மழையில் நடுக்காட்டில் முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழுந்துவிட்டது. வரப்பை உயர்த்தினால் போதும், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஜேசிபிக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறவருக்கு நேர்கோடு இழுப்பதுதான் சுலபம். சரிவில் நேராகப் போட்ட வரப்பு, தண்ணீரை எங்கோ ஒரு தாழ்வில் கொண்டுபோய்ச் சேர்க்கும், அங்கேயே உடையும். உயர்ந்த வரப்பு உடைந்தால் ஓடையும் பெரிதாகத்தான் விழும்.

ஓடை கண்ணுக்குத் தெரிகிறது, மேல்மண் சீவிப் போவது தெரிவதில்லை. ஏக்கருக்கு 1 மி.மீ. மண் போனாலே 4 கன மீட்டர். லோடு கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி).

மட்டம் பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இரண்டு பக்கமும் தண்ணீர் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும் இடங்களில் முளை அடித்துக்கொண்டே போங்கள். கோடு பாம்பாக வளையும். வரப்பு அதன் மேல்தான். உழவும் அதே போக்கில். மேலிருந்து கீழே ஓட்டும் ஒவ்வொரு சாலும் ஒரு குட்டி ஓடை. வரப்பின் கடைசியில் கல் பாவிய வடிகால், வரப்புத் தலையைவிடத் தாழ்வாக, கட்டாயம் வேண்டும். ஓடையைத் தலைமாட்டிலிருந்து கல் அடுக்கித் தடுத்து வாருங்கள். தடுப்பின் நடுப்பகுதி ஒரு சாண் தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தை அறுத்துக்கொண்டு போகும்.

கரிசலில் மட்டும் இந்தச் சமமட்ட வரப்பு ஆகாது. கோடையில் வெடிப்பு விடும் மண் அது. தேங்கும் தண்ணீர் வெடிப்பில் புகுந்து வரப்பை அடியிலிருந்தே திறந்துவிடும். அங்கே லேசான வாட்டம் கொடுத்துத் தண்ணீரை மெல்ல வடிய விட வேண்டும். உங்களுடையது செம்மண், ஆனாலும் சொல்கிறேன். பக்கத்து ஊர் கரிசல்காரர் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்துவிடக் கூடாது.

வெட்டிவேர் நாற்று விற்க வருவார்கள். அரை அடிக்கு ஒன்றாக நட்டால் மண்ணை நன்றாகப் பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் வேரை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்பார்கள், அதை நம்பாதீர்கள். வேரைத் தோண்டினால் வரப்பு எங்கே இருக்கும்? கொழுக்கட்டைப் புல் போட்டால் மாட்டுக்காவது ஆகும்.

மானியம் வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஆளும் வேண்டாம்; நேரில் போய் எழுதிக் கொடுங்கள். அரசு வேலையிலும் மண்ணின் கன அளவுக்குத்தான் பில். மட்டம் பார்க்க யாருக்கு நேரம்?

முளை அடிப்பதைச் சித்திரைக்குள் முடியுங்கள். ஜேசிபிக்காரரை அப்புறம் கூப்பிடலாம், முளையைத் தாண்டக் கூடாது என்று சொல்லி.