இன்டிஜருக்குப் புது மெத்தட் சேர்க்கலாமா? கேள்வி பதில்

ரூபிதான் நான் தினமும் புழங்கும் புரோகிராமிங் மொழி. மற்றவற்றில் கைப்பழக்கம் மட்டும் உண்டு. சரி, கேளுங்கள்.

பூஜ்யம்: ரூபியில் முழு எண்களுக்கான இன்டிஜர் கிளாஸைத் திறந்து ‘15.பெர்சன்ட்’ மாதிரி ஒரு மெத்தட் (எண்ணின் மேலேயே அழைக்கிற செயல்) சேர்த்தேன். டீமில் எல்லோரும் திட்டுகிறார்கள். அவ்வளவு பெரிய தப்பா?

உங்கள் சொந்த அப்ளிகேஷன் என்றால் தப்பில்லை. ஆனால் திட்டுகிறவர்கள் எங்கோ சூடுபட்டிருப்பார்கள். நானும் பட்டவன்தான். இதே ‘பெர்சன்ட்’டை ஒரு ப்ராஜெக்டில் எழுதி வைத்தேன், 15 கொடுத்தால் 0.15 வரும். பிறகு யாரோ ஒரு ஜெம் (பிறர் எழுதிய ரூபி லைப்ரரி) சேர்த்தார்கள். அதற்குள்ளும் ஒரு ‘பெர்சன்ட்’ இருந்தது, அது பின்னமாகத் தந்தது. ரூபியில் கடைசியாக லோட் ஆனதுதான் நிற்கும். என் கணினியில் என் ஃபைல் கடைசி, சர்வரில் ஜெம் கடைசி. பில்லில் தள்ளுபடி ‘3/20’ என்று அச்சாகிப் போனது. எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் மைனஸ் டபிள்யூ போட்டு ஓட்டியிருந்தால், பழைய மெத்தடைத் தூக்கிப் போடுகிறேன் என்று ரூபியே ஒரு வரி சொல்லியிருக்கும். யார் போட்டு ஓட்டுகிறார்கள்?

பிறர் பயன்படுத்தப்போகும் ஜெம்முக்குள் மட்டும் இன்டிஜரைத் தொடாதீர்கள்.

இரவுப்பறவை: எண்ணின் இலக்கங்களைப் பிரிக்க ஒரு மெத்தட் சேர்க்க வேண்டும்.

ரூபி 2.4 முதல் ‘டிஜிட்ஸ்’ இருக்கிறது. 123 கொடுத்தால் 3, 2, 1 என்று ஒன்றாம் இடத்திலிருந்து வரும், ஜாக்கிரதை.

புதுவரவு: பைத்தானில் எப்படி, அண்ணா?

முடியாது. அங்கே முழு எண்ணான இன்ட் மேல் மெத்தட் ஒட்டப்போனால் டைப்எரர் வரும். தனி ஃபங்ஷன் எழுதுங்கள்.

கமா: ஜாவாஸ்கிரிப்டில் எல்லா எண்களுக்கும் பொதுவான நம்பர் புரோட்டோடைப்பில் ‘டைம்ஸ்’ சேர்த்தேன். ‘5.டைம்ஸ்’ என்றால் சின்டாக்ஸ் எரர்.

5-க்குப் பின் வரும் புள்ளியைத் தசமப்புள்ளி என்று எடுத்துக்கொள்கிறது. அடைப்புக்குள் 5 போடுங்கள், அல்லது இரண்டு புள்ளி வையுங்கள். லைப்ரரிக்குள் வேண்டாம், மேலே சொன்னதேதான்.

அரைப்புள்ளி: ரூபியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸ் மட்டும் ‘3.டேஸ்.அகோ’ (மூன்று நாள் முன்பு) சேர்க்கலாம், நாங்கள் கூடாதா? வாக்கியம் போலப் படிக்க முடிகிறதே!

படிக்க அழகுதான். ரெயில்ஸ் மொத்த வீட்டையும் தானே கட்டுகிறது, உள்ளே வருகிறவருக்கு அது தெரியும். உங்கள் ஜெம் வாடகைக்கு வருகிற ஆள். சுவரை இடிக்கக் கூடாது. தவிர, ‘1.மன்த்’ எத்தனை நாள்? விநாடியாக மாற்றினால் 2629746, அதாவது முப்பது நாளுக்கும் கொஞ்சம் மேல். தேதியோடு கூட்டினால் கணக்கு வேறு. லீப் வருடம் இல்லையென்றால் ஜனவரி 31-உடன் 1.மன்த் கூட்டினால் பிப்ரவரி 28. அதனுடன் இன்னொன்று கூட்டினால் மார்ச் 28. நேராக 2.மன்த்ஸ் கூட்டினால் மார்ச் 31!

அரைப்புள்ளி: அது நாட்காட்டியின் குற்றம். இன்டிஜர் என்ன செய்யும்?

நியாயம். ஆனால் ‘1.மன்த்’ என்று எழுதும்போது அந்தச் சிக்கல் கண்ணில் படாது. எண்ணைப் போல் இருக்கும், எண் அல்ல, கால அளவைக் குறிக்கும் ட்யூரேஷன் ஆப்ஜெக்ட்.

பூஜ்யம்: அப்போ ரிஃபைன்மென்ட்?

அதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ‘யூசிங்’ எழுதிய ஃபைலில், அந்த வரிக்குக் கீழே மட்டும் மெத்தட் தெரியும்; பக்கத்து ஜெம்முக்குத் தெரியாது. இந்த மெத்தட் உண்டா என்று ‘ரெஸ்பாண்ட் டு’ வைத்துக் கேட்டால் மட்டும் இல்லை என்று சாதிக்கும், அதை நம்பி கோடு எழுதாதீர்கள்.

அரைப்புள்ளி: ஒவ்வொரு ஃபைலிலும் ‘யூசிங்’ எழுதவா? சோம்பலாக இருக்கிறதே.

சோம்பலுக்குத்தானே ‘மேத்என்’ என்று ஒரு லைப்ரரி ரூபியோடு வந்தது! அதை லோட் செய்தால் 1-ஐ 2-ஆல் வகுத்ததற்கு 0 வராது, பின்னம் வரும். புரோகிராம் முழுக்க, நீங்கள் எழுதாத ஜெம்களுக்குள்ளும்கூட. ரூபி 2.5-இல் அதை எடுத்தே விட்டார்கள்.

அரைப்புள்ளி: அது வகுத்தலையே மாற்றியது. நான் புதுப் பெயர்தானே சேர்க்கிறேன்?

என் ‘பெர்சன்ட்’டும் புதுப் பெயர்தான், ஐயா.

கமா: சார், ஜாவாஸ்கிரிப்டில் லைப்ரரிக்குள் சேர்த்தால்...

மேலே படியுங்கள்.