ராணிக்குக் கிரீடம் வைக்கலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

தேனீ வளர்ப்பு பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படித்துவருகிறேன். நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். சென்ற கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "தேனீயை வரைகிறவர்களில் பாதிப் பேர் ஈயை வரைந்து அதன்மேல் கோடு போட்டு விடுகிறார்கள்." படித்துச் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது.

இப்போது ஒரு புத்தகத்துக்காகத் தேனீக் கூட்டம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். ராணிக்குக் கிரீடம் வைத்திருக்கிறேன். பணித் தேனீக்கள் சின்னச் சின்னக் குடங்களில் தேன் சுமந்து வருகின்றன. நிஜத்தில் இப்படி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஓவியம் என்ன உயிரியல் பாடமா? தேனீ வளர்க்கிற ஒருவருக்குத் தேனீ ஓவியத்தில் பிழை மட்டும்தான் கண்ணில் படுமா? உங்களுக்குப் பிடித்தவை என்று ஏதாவது உண்டா?

இன்னொன்று. தேனீக்களே செய்த சிற்பம் என்று சில படங்களைப் பார்த்தேன். பெட்டிக்குள் ஏதாவது ஒரு வடிவத்தை வைத்துவிட்டால் அதன்மேல் தேனடை கட்டிவிடுமாம். அதைக் கலை என்று ஒப்புக்கொள்வீர்களா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

அந்த வரியைத் திரும்பப் பெற மாட்டேன். ஈக்கு இறக்கை இரண்டு, தேனீக்கு நான்கு. ஆறு கால்களும் நெஞ்சுப் பகுதியிலிருந்து கிளம்ப வேண்டும், வயிற்றிலிருந்து அல்ல. அடையின் அறுகோணங்களைத் தேனீக்கள் பெரும்பாலும் முனை மேலே இருக்கும்படிதான் கட்டும். விளம்பரப் படங்களிலோ அவை தட்டைப் பக்கம் மேலாகப் படுத்துக் கிடக்கும். பெட்டிக்குள் அடையைத் தாங்கும் மரச் சட்டங்களைத் தூக்கிப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இதெல்லாம் உறுத்தத்தான் செய்யும். ஆனால் உறுத்துவது வேறு, பிடிக்காமல் போவது வேறு. நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற படங்கள் சில, உடற்கூறு என்று பார்த்தால் படு மோசம்.

ஸ்பெயினில் பிகோர்ப் என்ற ஊருக்குப் பக்கத்தில், அரானா குகைகளில் ஒரு பாறை ஓவியம் இருக்கிறது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தையது என்று பரவலாகச் சொல்கிறார்கள். கயிறோ கொடியோ, எதையோ பிடித்து ஏறிப்போன ஒரு ஆள், ஒரு கையில் கூடையோடு தேன்கூட்டை எட்டிக்கொண்டிருக்கிறார். பாறையில் இயல்பாகவே இருந்த ஒரு குழியைத்தான் ஓவியர் கூட்டின் வாயாக வைத்துக்கொண்டார். சுற்றிலும் தேனீக்கள். அவற்றுக்குக் காலும் சரியில்லை, இறக்கையும் சரியில்லை. அந்த ஆளோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றும் பறவை அளவுக்கு இருக்கிறது. தப்பு என்று யார் சொல்வார்கள்? வெறுங்கையோடு கூட்டுக்கு முன்னால் நின்றவருக்குத் தெரியும், அந்த நேரத்தில் தேனீ அந்த அளவில்தான் தெரியும். வரைந்தவர் தானே ஏறியிருக்க வேண்டும், அல்லது ஏறியவனைக் கீழே நின்று வயிறு கலங்கப் பார்த்திருக்க வேண்டும்.

நான் தேடுவது இதைத்தான். தேனீயைச் சரியாக வரைந்திருக்கிறாரா என்பதைவிட, கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாரா என்பது. அது பெரும்பாலும் படத்தில் இருக்கும் மனித உடம்பில்தான் தெரியும்.

எகிப்தில் அபு குராப் என்ற இடத்தில், நியூசர்ரே மன்னர் கட்டிய சூரியக் கோயிலில் ஒரு புடைப்புச் சிற்பம் இருந்தது. இப்போது அது பெர்லினில் இருக்கிறது. வயது ஏறக்குறைய 4,400 ஆண்டுகள். ஒருவர், கிடையாக அடுக்கிய கூடுகளின் முன்னால் மண்டியிட்டிருக்கிறார். அவர் புகை ஊதுகிறார் என்பது ஒரு விளக்கம். ஒலியெழுப்பி ராணியைக் கூப்பிடுகிறார் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அவருக்கு அடுத்து இருப்பவர்கள் தேனைப் பாத்திரங்களில் ஊற்றுகிறார்கள், கடைசியில் ஒருவர் கலத்தை மூடிக் கட்டுகிறார். நாங்கள் இன்றைக்கும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறோம்.

நெதர்லாந்து ஓவியர் புரூகெல் 1568 வாக்கில் பேனாவால் வரைந்த தேனீக்காரர்கள் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை என்றால் உடனே தேடிப் பாருங்கள். மூன்று ஆட்கள், நீண்ட அங்கி, முகத்தை மொத்தமாக மறைக்கும் பின்னல் தட்டு. ஒருவர் வைக்கோல் கூட்டை அணைத்துக்கொண்டு நடக்கிறார். முகமில்லாத அந்த மனிதர்கள் அச்சமூட்டுகிறார்கள் என்று கலை எழுத்தாளர்கள் சொல்வார்கள். எனக்கு அச்சமே வரவில்லை. உடையின் கனம், கூட்டுக்குப் பக்கத்தில் எதையும் வேகமாகச் செய்யாத அந்த நிதானம், இதெல்லாம்தான் எனக்குத் தெரிந்தது.

இத்தாலிய ஓவியர் பியரோ டி கோசிமோ 1499 வாக்கில் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. மதுக்கடவுளான பாக்கஸ் தேனைக் கண்டுபிடித்த கதை. பாதி ஆடு பாதி மனிதர்களான ஒரு கும்பல் சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு வருகிறது. தேனீக் கூட்டம் ஒரு பொந்து மரத்தில் வந்து அடைகிறது. பிரிந்து பறக்கும் கூட்டத்தை இப்படிச் சத்தம் போட்டு இறக்கலாம் என்பது ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை. சத்தத்தால் இறங்குகிறதா, தானாக இறங்குகிறதா என்று கேட்டால் நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் புராணக் கதைக்குள் தேனீக்காரனின் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாரே, அது போதும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு நெருக்கமானது அருங்காட்சியகத்துக்காக வரையப்படாத ஒன்று. ஸ்லோவேனியாவில் தேனீப் பெட்டிகளின் முகப்புப் பலகைகளில் ஓவியம் தீட்டும் வழக்கம் இருந்தது. கிடைத்திருப்பவற்றில் பழையது 1758-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தட்டையான நீளப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள்; ஒவ்வொன்றின் முகப்பும் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளம், 13 சென்டிமீட்டர் உயரம். அவ்வளவு சின்ன இடத்தில் புனிதர்கள் வருவார்கள், வேட்டைக்காரனின் பிணத்தை விலங்குகள் சுமந்து போகும், வம்பு பேசும் பெண்ணின் நாக்கைப் பிசாசு சாணைக்கல்லில் தீட்டும். (ஆண்களின் நாக்கை யாரும் தீட்டியதாகத் தெரியவில்லை. பலகையைத் தீட்டியவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.) இப்படி 600-க்கும் மேற்பட்ட கருப்பொருள்கள். தேனீயைப் பற்றிய படம் மிகக் குறைவு, கவனித்தீர்களா? தேனீ அங்கே கருப்பொருள் இல்லை. அது அந்த வீட்டில் குடியிருப்பது.

ஒரே மாதிரிப் பெட்டிகளை நெருக்கி அடுக்கினால் மேயப் போன தேனீ பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்துவிடும். வண்ணம் வேறாக இருந்தால் தன் வாசலை அடையாளம் காணும். தேனீக்கு நிறம் தெரியும் என்பதை விலங்கியல் அறிஞர் கார்ல் வான் ஃப்ரிஷ் சோதனை செய்து நிறுவியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும், நமக்குத் தெரியாத புற ஊதாவும் தெரியும். சிவப்பு ஏறக்குறைய கறுப்பு. ஓவியர் பார்த்துப் பார்த்துத் தீட்டிய சிவப்பு அங்கி, அந்த வாசலைத் தினமும் பலமுறை கடந்து போகும் ரசிகைக்கு ஒரு கருந்திட்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மே 20-ஐ உலகத் தேனீ நாளாகக் கொண்டாடுவதற்குக் காரணமான அன்டன் ஜான்ஷா ஸ்லோவேனியாக்காரர்தான். ஓவியம் கற்க வியன்னாவுக்குப் போனவர், கடைசியில் அங்கேயே தேனீ வளர்ப்புக்கு ஆசிரியர் ஆனார். உங்கள் தொழிலிலிருந்து என் தொழிலுக்கு வந்தவர்.

சரி, தேனீக்கள் செய்த சிற்பத்துக்கு வருகிறேன்.

பெட்டிக்குள் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைத் தேனீக்கள் நடைவழியாக விட்டுவைக்கும். அதைவிடக் குறுகலாக இருந்தால் பிசின் வைத்து அடைக்கும். அகலமாக இருந்தால் அடை கட்டி நிரப்பும். லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1851-ல் இந்தத் தேனீ இடைவெளியைப் புரிந்துகொண்டு பெட்டி செய்ததால்தான் சட்டங்களை ஒட்டாமல், உடையாமல் தனித்தனியாக வெளியே எடுக்க முடிகிறது. கனடாவைச் சேர்ந்த கலைஞர் அகனேதா டைக் பீங்கான் பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்து, அடை ஏறியதும் எடுத்தார். பொம்மைச் சீமாட்டியின் பாவாடை மடிப்பில் அடை தொங்குகிறது. தேனீக்கள் அவளை அலங்கரித்தன என்று எழுதுகிறார்கள். அலங்காரமெல்லாம் இல்லை. அங்கே இடைவெளி அகலம், அவ்வளவுதான். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் இருந்திருக்கும் என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

தாமஸ் லிபர்டினி என்ற கலைஞர் 2006-ல் செய்த அடைக் குடுவையும் அப்படித்தான். குடுவை வடிவத்தில் அறுகோணம் பதித்த மெழுகுத் தாளை வைத்தார், சுமார் 40,000 தேனீக்கள் அதன்மேல் அடை எழுப்பின. அறுகோணம் பதித்த மெழுகுத் தாள் 1857-லிருந்து தேனீக்காரர்களிடம் இருக்கிறது. எங்கள் சட்டங்களில் அதைத்தான் ஒட்டுகிறோம். அவர் அதை வளைத்தார்.

கலையா என்றால், ஆமாம், கலைதான். ஆனால் தேனீயின் கலை அல்ல. எதை வைப்பது, எப்போது வெளியே எடுப்பது என்று முடிவு செய்தவரின் கலை. தேனீயைக் கூட்டாளி என்று சொல்லும்போது எனக்கு ஒட்டவில்லை, கூட்டாளியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே. மெழுகு சும்மா வருவதும் இல்லை. ஒரு கிலோ மெழுகு சுரக்கப் பல கிலோ தேன் செலவாகும். பூக்கள் நிறைந்த பருவத்தில், கூட்டம் வலுவாக இருக்கும்போது செய்தால் பாதகமில்லை. பஞ்ச காலத்தில் செய்தால் அது அவற்றின் வாயிலிருந்து பிடுங்கியது. தேன் எடுக்கிற நானும் கூட்டாளி இல்லைதான், அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

இனி உங்கள் படம். குடத்தை எடுத்துவிடலாம் என்பேன். பிழை என்பதற்காக அல்ல, அதைவிட நல்ல காட்சி ஒன்று இருக்கிறது என்பதற்காக. மேய்ந்து திரும்பும் தேனீ பூந்தேனைத் தன் வயிற்றுப் பையில் கொண்டுவரும். உள்ளே இருக்கும் இளைய தேனீ எதிரே வந்து நாக்கை நீட்டும். இது கக்கக் கக்க, அது வாங்கிக்கொள்ளும். தலையோடு தலை, உணர்கொம்புகள் ஒன்றை ஒன்று தட்டிக்கொண்டே இருக்கும். கிரீட் தீவில் மாலியா என்ற இடத்தில் கிடைத்த பொன் பதக்கத்தைப் பாருங்கள், 3,600 ஆண்டுகளுக்கு மேல் பழையது. இரண்டு பூச்சிகள் எதிரெதிராக நின்று நடுவே ஒரு வட்டைப் பிடித்திருக்கின்றன. அவை தேனீயா குளவியா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்தத் தலைகள் நெருங்கி நிற்கும் விதம் எனக்குத் தினமும் பார்த்துப் பழகியது.

கிரீடம் இருக்கட்டும். சேடிகள் வரிசையில் நின்று வணங்குவதுபோல மட்டும் வரையாதீர்கள். ராணி நின்றால் பணித் தேனீக்கள் அவளைப் பார்த்தபடி சுற்றி வட்டமாக நின்று, தொட்டுக்கொண்டும் நக்கிக்கொண்டும் இருக்கும். வட்டமாக வரைந்தால் படமும் அழகாக வரும்.

கிரீடமே வேண்டாம் என்று ஒருவேளை தோன்றினால், எங்களிடம் அதற்கு மாற்று உண்டு. ராணியை எளிதில் கண்டுபிடிக்கவும் வயது தெரிந்துகொள்ளவும் அவள் முதுகில் ஒரு வண்ணப் பொட்டு வைப்போம். உலகம் முழுக்க ஒரே கணக்குதான்: பிறந்த ஆண்டு 1, 6-ல் முடிந்தால் வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். உங்கள் புத்தகம் எந்த ஆண்டு வருகிறது என்று பார்த்து வண்ணத்தை எடுங்கள். தேனீ வளர்க்கிறவர் யாராவது தன் பிள்ளைக்குப் படித்துக் காட்டும்போது சட்டென்று பிடித்துவிடுவார்.

அன்புடன்.