பினாங்குப் புடவைக் கடை எந்த ஊரோடு போட்டி போடுகிறது?

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எங்களுக்குப் புடவைக் கடை இருக்கிறது. நாங்கள் மொத்தமாக வாங்கும் விலையைவிடக் குறைவாக ஷாப்பி இணையச் சந்தையில் வெளிநாட்டுச் சேலை வருகிறது. கோலாலம்பூருக்கு, மஸ்ஜிட் இந்தியா பக்கம் மாறிவிடலாமா என்று அப்பா கேட்கிறார்.

பதில்: மாற வேண்டாம். கைப்பேசியில் தெரியும் விலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். புது இடத்துக்கு வாடகையும் முன்பணமும் கொடுத்து அதே அடியை வாங்குவீர்கள்.

இணையம் வழி வாங்கி இறக்குமதியாகும், 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்போகாத பொருளுக்கு, பதிவு பெற்ற விற்பனையாளர்கள் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரி வசூலிக்கிறார்கள். அதனால் மட்டும் உங்கள் விலைக்கு அவர்கள் வந்துவிடப் போவதில்லை. விலைச் சண்டையை விட்டுவிடுங்கள்.

உங்கள் பலம் தையல். ஃபால்ஸ் அடித்து, அளவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பதை எந்தக் கிடங்கும் செய்யாது. வருபவர்களின் அளவையும் வாட்ஸ்அப் எண்ணையும் வாங்கி வையுங்கள். அடுத்த முறை சிங்கப்பூரில் இருந்தபடியே, படத்தைப் பார்த்துத் துணியை மட்டும் சொன்னால் போதும் என்று இருக்க வேண்டும்.

அப்புறம் பணம். வணிகக் கணக்கில், மலேசியாவின் கைப்பேசிக் கட்டண முறையான டூயிட்நவ் கியூஆர் அட்டை வாங்குங்கள். தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர் கட்டண முறைகளோடு அது இணைக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்தின் ஹட்யாயிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவரும், இந்தோனேசியாவின் மேடானிலிருந்து மருத்துவமனைக்கு வரும் குடும்பமும் தங்கள் ஊர்ச் செயலியிலேயே ஸ்கேன் செய்யலாம். காசு மாற்ற அலைய வேண்டாம். பினாங்கில் இருப்பதன் லாபம் இந்த நடமாட்டம்தான், இதைக் கைவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் அட்டையில் வெளிநாட்டுச் செயலியிலிருந்து பணம் வருமா, அதில் வங்கி எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்கு அனுப்புவதில் ஒரு நுணுக்கம் உண்டு. 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்போகாத பொட்டலம் விமானத்திலோ அஞ்சலிலோ போனால் அங்கே இறக்குமதியின்போது ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. அதையே லாரியிலோ பேருந்திலோ ஏற்றினால் விலை எவ்வளவாக இருந்தாலும் 9 விழுக்காடு உண்டு. தரைவழி மலிவு என்று முடிவெடுக்கும் முன் இதைக் கூட்டிப் பாருங்கள்.

ஷாப்பியிலும் ஒரு கடை திறந்து வையுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே தரகு போகும் என்பதால் தைக்காத சேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தீபாவளி ஆர்டருக்குக் கடைசி நாளை, தையல்காரர் ஒரு வாரத்தில் எத்தனை ரவிக்கை முடிப்பார் என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.