நாலு வாய் சோறும் நுரை எச்சிலும்

2018 மார்ச்சில் மதுரையில் எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன். அன்றைக்கு என் எடை 112 கிலோ, இன்றைக்கு 78. அதற்குப் பிறகு, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களோடு உட்கார்ந்து சாப்பாட்டுக் கதை பேசுவதே என் வேலையாகிவிட்டது. நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் பொறுப்பு. அடுப்படியிலும் பந்தியிலும் நடப்பதுதான் எனக்குத் தெரியும். இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழு இங்கே.

கேள்வி: ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி 24 நாள். நேற்று மாமியார் சோற்றைக் குழைய வடித்து, ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தார். நாலு வாய்தான் சாப்பிட்டேன். நெஞ்சில் கல்லை வைத்ததுபோல அடைத்துக்கொண்டது. வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில். அது வெளியே வந்த பிறகுதான் மூச்சே வந்தது. உள்ளே தையல் பிரிந்திருக்குமோ என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: தங்கச்சி, அந்த நுரை எனக்குப் பழக்கமானது. ஐந்தாவது வாரம், காலை பத்து மணி இருக்கும். அடுப்படித் தொட்டி முன்னால் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். வாந்தி வரவில்லை. கொழகொழவென்று வெள்ளை எச்சில் மட்டும் துப்பத் துப்ப ஊறிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் அவசரமாக விழுங்கியது ஒரே ஒரு துண்டு சப்பாத்தி.

நடப்பது இதுதான். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒடுங்கிய ஒரு குழாய். ஆரம்பத்தில் அதில் 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும், ஒரு காபி டம்ளர் அளவு. சரியாக மெல்லாத ஒரு கவளம் அதன் வாயிலேயே நின்றுவிட்டால், மேலே எச்சிலும் கோழையும் தேங்கி நுரையாகத் திரும்பி வரும். குழைந்த சோறு மெத்தென்று இருப்பதால் பல்லுக்கு வேலையில்லை என்று நினைக்கிறோம். மெல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், அங்கே உருண்டை திரண்டுவிடுகிறது. மாமியார் பாசத்தில்தான் கொடுத்திருக்கிறார், அவர்மேல் வருத்தம் வேண்டாம். ஆனால் 24-வது நாள் பெரும்பாலானவர்களுக்கு மசித்த உணவின் காலம். சோற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் டாக்டர் கொடுத்த அட்டவணையை மாமியாரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இனி அடைத்தால், தள்ளிவிடத் தண்ணீர் குடிக்காதீர்கள். எழுந்து மெல்ல நடங்கள். அன்று முழுக்க நீராக இருக்கிற உணவு மட்டும் போதும்.

இனிச் சொல்வதை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி வாசியுங்கள். காய்ச்சல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 120-க்கு மேல் நாடித் துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோளில் வலி, மூச்சுத் திணறல், கெண்டைக்காலில் வீக்கம் அல்லது வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தண்ணீர்கூட இறங்காமல் திரும்பி வந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான். ஒரு தடவை நுரை வந்து நின்றுவிட்டது என்பது அந்த வகை இல்லை. இருந்தாலும் நாளைக் காலையில் டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

என் முதல் இட்லியைப் பற்றியும் சொல்கிறேன். எனக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் பிராத், ஜெல்லோ, மேஷ்ட் பொட்டேட்டோ என்று எழுதியிருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் என்ன சமைப்பது? என் அம்மாதான் அதைத் தமிழ்ச் சமையலாக மாற்றினார். வடிகட்டிய ரசம், நீர்மோர், பருப்புத் தண்ணீர், பிறகு கடைந்த பருப்பு. இட்லி சாப்பிடலாம் என்று சொன்ன நாளில், ஒன்றைச் சின்னக் கிண்ணத்தில் உதிர்த்து, காரமில்லாத சாம்பார் ஊற்றி, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் ஸ்பூனோடு என் முன்னால் வைத்தார். ஒரு ஸ்பூன் வாயில், ஸ்பூன் கீழே, இருபது முப்பது முறை மெல்லுதல், பிறகு அடுத்தது. அரை இட்லி முடிய 25 நிமிஷம் ஆனது. மிச்சத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அந்த ஸ்பூனை இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. எடை குறைய, இரைப்பையைச் சிறிதாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம். கேழ்வரகுக் கஞ்சியும் ஜூஸும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். ஆனாலும் மாடிப்படி ஏறினால் கால் தளர்ந்து உட்கார்ந்துவிடுகிறாள்.
– ஒரு தாய், மயிலாடுதுறை

பதில்: அம்மா, உங்கள் கஞ்சியில் குற்றமில்லை. ஆனால் இரண்டு மேசைக்கரண்டி மாவில் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியில் புரதம் ஒன்றரை கிராம்தான் தேறும். மகளுக்கு வேண்டியது ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். இருக்கிற இத்தனூண்டு இடத்தைக் கஞ்சியும் ஜூஸும் அடைத்துக்கொண்டால் புரதத்துக்கு இடம் எங்கே? புரதம் குறைந்தால் உடம்பு கொழுப்போடு சதையையும் கரைக்கும். கால் தளர்வதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ரத்தச்சோகையோ தண்ணீர் குறைவோகூடச் சேர்ந்திருக்கலாம், அதனால் டாக்டரையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஆறு ஏழு கிராம், 50 கிராம் பனீரில் 9. உங்கள் பக்கம் மீனுக்குப் பஞ்சமில்லை. 75 கிராம் மீனில் 15 கிராம் கிடைக்கும். முள்ளில்லாத மீனை வேகவைத்து, உதிர்த்து, மிளகாயைக் குறைத்துப் புட்டாகச் செய்யுங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் செய்து கொடுப்பீர்களே, அதே பக்குவம். ஈரம் இருக்கட்டும், வறண்டால் அடைக்கும். இத்தனையும் சேர்த்தும் எட்டாவிட்டால் புரதப் பவுடரைப் பாலில் கலந்து கொடுக்கலாம். கிண்ணத்தில் எது இருந்தாலும் புரதத்தை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். தண்ணீர், சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து. நாள் முழுக்க வாய் வாயாக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஜூஸை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். எங்கள் தெருவில் லாரித் தண்ணீர்தான். குடம் தூக்கலாமா?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: கூடாது. நிறைந்த பிளாஸ்டிக் குடம் 15 கிலோ கனக்கும். வெளியே தழும்பு அரை அங்குலம்தான், ஆனால் உள்ளே தசை கூடிவர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவசரப்பட்டால் குடலிறக்கம் வரலாம். இந்த மாதம் மட்டும் பக்கத்து வீட்டாரிடம் வாய்விட்டு உதவி கேளுங்கள். நடப்பதை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி நாலாவது மாதம். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற நேரம்.
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஆபரேஷனும் வேகமான எடைக் குறைவும் உடம்புக்கு ஒரு அதிர்ச்சி. அந்தச் சமயம் நிறைய முடிவேர்கள் ஒன்றாக ஓய்வுக்குப் போய்விடுகின்றன. உதிர்வது மூன்றாவது, நாலாவது மாதத்தில்தான் தெரியும். வேர் சாகவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பிறகு முளைத்துவிடும், எனக்கும் ஒன்பதாவது மாதம் நெற்றியோரம் குட்டி முடி வந்தது. விலை கூடிய எண்ணெய்களில் பணத்தைப் போடாமல், இரும்புச்சத்து, துத்தநாகம் இரண்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். புரதத்தை விடாதீர்கள். ஒரு வருஷம் தாண்டியும் உதிர்ந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 54. சர்க்கரை நோயாளி. பைபாஸ் ஆகி ஐந்து மாதம். போன வாரம் கல்யாணப் பந்தியில் அரை கப் பாயசம் குடித்தேன். கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, படபடப்பு, வயிற்றைப் புரட்டி, மண்டபத் திண்ணையில் படுத்துவிட்டேன். சொந்தக்காரர்கள் மாரடைப்பு என்று பதறிப்போனார்கள்.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, பதறியது சரிதான். நெஞ்சுவலி இருந்தால் பாயசத்தின்மேல் பழியைப் போட்டுச் சும்மா இருக்கக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை டாக்டர்கள் டம்பிங் என்பார்கள். பைபாஸில் உணவு நேராகச் சிறுகுடலுக்குப் போகிறது. சர்க்கரைக் கரைசல் அங்கே மொத்தமாக இறங்கியதும், குடல் உடம்பிலிருந்து நீரை இழுக்கிறது. அந்தப் படபடப்பு பத்து நிமிஷத்திலிருந்து அரைமணிக்குள் வரும். இன்னொரு வகை, ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வருவது. இன்சுலின் அதிகமாகச் சுரந்து சர்க்கரை கீழே விழுந்துவிடும். நீங்கள் இப்போதும் பழைய அளவில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால் அது இரட்டை ஆபத்து. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அளவைக் குறைக்க வேண்டியிருப்பது வழக்கம். வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் ஊர்ப் பந்தியில் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். நான் செய்வதைச் சொல்கிறேன். பந்தியின் கடைசி இலையில் உட்காருவேன். பரிமாறுகிறவரிடம் முதலிலேயே, "தம்பி, வயிற்றில் ஆபரேஷன், கேட்டால் மட்டும் வையுங்கள்" என்று சொல்லிவிடுவேன். பருப்பு, கூட்டு, அவியலில் தொடங்கி, வயிறு போதும் என்றதும் நிறுத்திவிடுவேன். வீட்டுப் பெரியவர் வந்து "ஏன் ஒன்றுமே சாப்பிடவில்லை?" என்று கேட்டால், அவர் கையைப் பிடித்து "திருப்தியாகச் சாப்பிட்டேன்" என்பேன். அது பொய் இல்லை. இலையில் மிச்சம் வைப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவள் நான். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

கேள்வி: ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். 31 கிலோ குறைந்து மாதவிலக்கு ஒழுங்காகிவிட்டது. குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நல்ல செய்தி, மனசு நிறைந்தது. ஆனால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை வேகமாகக் குறையும் காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்குச் சத்து போதாமல் போகலாம். அதுவரை பாதுகாப்பு முறையை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எடை குறையும்போது எதிர்பாராமலே கரு தங்கிவிடும். பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்று, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். அதைக் குடித்தால் காரைக்குடி ஐயாவுக்கு வந்தது உங்களுக்கும் வரலாம். ஆபரேஷன் விவரத்தை முதலிலேயே நர்ஸிடம் சொல்லி, வேறு விதமாகப் பரிசோதிக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு ஸ்லீவ் ஆகி இரண்டரை வருஷம். நன்றாகத்தான் இருந்தாள். இப்போது ஐந்து கிலோ ஏறிவிட்டது. "இனி எதற்கு?" என்று மாத்திரைகளை நிறுத்திவிட்டாள். உள்ளங்கால் மரத்துப்போகிறது என்கிறாள். கேட்டால் கோபப்படுகிறாள்.
– ஒரு கணவர், திருப்பூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்தேன். 2020-ல் நானும் இதையே செய்தேன். எடை குறைந்துவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது, மாத்திரை எதற்கு என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மாட்டுத்தாவணியில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்தடி நடந்த பிறகு, பின்னால் வந்த ஒரு பாட்டி, "ஏம்மா, செருப்பை விட்டுட்டுப் போறியே" என்றார். இடது காலில் செருப்பு இல்லை. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை.

காரணம், வைட்டமின் பி12 குறைவு. உணவிலுள்ள பி12-ஐக் குடல் உறிஞ்சிக்கொள்ள, இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். இரைப்பையின் பெரும்பகுதி போனதும் அந்தச் சுரப்பும் குறைகிறது. கல்லீரலில் சேர்த்துவைத்தது கொஞ்ச காலம் தாங்குவதால், வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தெரியும்போது நரம்பு அடிவாங்கியிருக்கும், நாள் கடந்தால் முழுதாகத் திரும்பாது. அதனால் நாளைக்கே கூட்டிப்போய் பி12, பி1, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு ஊசி போட்டுத்தான் சரியானது, கட்டைவிரலில் மட்டும் இன்னும் லேசான மரப்பு மிச்சமிருக்கிறது. மாத்திரை உயிருள்ளவரை உண்டு. இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் கொடுங்கள், காபியோடு வேண்டாம்.

ஐந்து கிலோவைப் பற்றி இப்போது பேசாதீர்கள். இரண்டாவது வருஷத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடக்கிறது. அவருக்கு அது தோற்றுவிட்டதாகத் தெரிகிறது. அந்தக் கோபம் உங்கள்மேல் இல்லை என்று நினைக்கிறேன். எடை மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலை எட்டு மணிக்கு அவருக்கும் உங்களுக்குமாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். காத்திருக்கிறேன்.