பாம்பு கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இல்லையென்றால், விஷம் ஏறவில்லை என்று கொள்ளலாமா?

கொள்ளவே கூடாது. உங்கள் வீட்டில் யாருக்கோ கடிபட்டு, காயம் சிறிதாக இருக்கிறதே என்ற தயக்கத்தில் கேட்கிறீர்கள் என்றால், மேற்கொண்டு படிக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நான் மருத்துவன் அல்லன். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த சில நாட்களில், மணலி புதுநகரில், கட்டிலும் மெத்தையும் நனைந்து போனதால் அனைவரும் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். நள்ளிரவில் எறும்பு கடித்தது போலிருக்கிறது என்று கையை உதறிவிட்டு அப்பா மறுபடியும் தூங்கிவிட்டார். நான்கு மணிக்கு வயிற்றுவலியால் துடித்தார். அருகிலிருந்த கிளினிக்கில் அம்மா அவருடைய விரலைக் காட்டியும், பல் தடமும் வீக்கமும் இல்லையே என்று சொல்லி, வாயுத் தொல்லைக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அங்கே வீணான நேரத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஏழு மணிக்குள் இமைகள் தொங்கிவிட்டன, எச்சிலை விழுங்க முடியவில்லை, பேச்சும் குழறியது. அரசு மருத்துவமனையில் இமைகளைப் பார்த்ததுமே மருத்துவர் கட்டுவிரியன் என்றார். விஷமுறிவு மருந்தோடு மூன்று நாட்கள் செயற்கை சுவாசத்தில் இருந்து அப்பா பிழைத்தார். அசைவற்றுக் கிடந்தபோதும் அம்மா அழுததெல்லாம் தமக்குக் கேட்டது என்று பிறகு சொன்னார்.

கடிவாய் வீங்கும் என்பது கண்ணாடி விரியனையும் நல்ல பாம்பையும் பார்த்துப் பழகிய கணக்கு. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. அதன் பற்கள் சிறியவை. அதன் விஷம் நரம்பு தசைக்கு இடும் கட்டளையைத் தடுத்துவிடுவதால் இமையில் தொடங்கி மூச்சுத் தசைகள் வரை செயலிழக்கின்றன. நரம்பு முனைகள் சிதைந்த பின் கொடுக்கும் முறிவு மருந்து அவற்றைச் சரிசெய்யாது என்பதால்தான் தாமதம் இவ்வளவு ஆபத்தாகிறது.

வேரும் மந்திரமும் எங்கள் தாத்தாவைக் காப்பாற்றின என்று சிலர் இங்கே எழுதக்கூடும். அவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. சாரை, தண்ணீர்ப் பாம்பு போன்ற விஷமற்றவையே பலரைக் கடிக்கின்றன. விஷப்பாம்பும் சில வேளைகளில் விஷத்தைச் செலுத்தாமலே கடிக்கிறது. அவர்கள் வேர் இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கடிவாயைக் கீறி உறிஞ்சுவதும் கேடுதான் செய்யும்.

அடையாளத்துக்கென்று பாம்பைத் தேடி அடிப்பதிலும் நேரத்தைப் போக்காதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே முறிவு மருந்துதான். அப்பாவைக் கடித்ததை நாங்கள் கடைசிவரை பார்க்கவே இல்லை.