படிச்சு முடிச்சாச்சு, சைட்டுக்கும் பிளான்ட்டுக்கும் எப்படி உள்ள போறது?

இன்ஜினியரிங் முடிச்சு வேலை தேடுறவங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சிவில் முடிச்சு எட்டு மாசம் ஆச்சு சார். எங்க போனாலும் எக்ஸ்பீரியன்ஸ் கேக்குறாங்க. வேலை குடுத்தாதான அது வரும்?

பதில்: உங்க கோவம் நியாயம்தான் தம்பி. ஆனா இன்டர்வியூ எடுக்குற பக்கம் உக்காந்தவன்ங்கிற முறையில சொல்றேன், இவனை நாளைக்கே சைட்ல விட்டா சமாளிப்பானாங்கிறதுதான் அங்க இருக்குறவங்க கவலை. நான் ஃப்ரெஷர்ஸ்கிட்ட வழக்கமா ஒண்ணு கேப்பேன்: ரெடிமிக்ஸ் வண்டி வந்து நிக்குது, கான்கிரீட் கெட்டியா இருக்கு, டிரைவர் ஹோஸைக் கையில வச்சுக்கிட்டு கொஞ்சம் தண்ணி விடட்டுமாங்கிறார், என்ன சொல்லுவ? விடக்கூடாது. தண்ணி கூடினா நல்லா ஓடும், ஆனா ஸ்ட்ரென்த் இறங்கிடும், அது 28 நாள் கழிச்சு டெஸ்ட்டுக்கு எடுத்து வச்ச கான்கிரீட் க்யூபை உடைக்கும்போதுதான் தெரிய வரும், அதுக்குள்ள மேல அடுத்த ஸ்லாப்பே வந்திருக்கும். வண்டியை நிறுத்தி ஸ்லம்ப் (கான்கிரீட் எவ்வளவு இளக்கமா இருக்குங்கிற டெஸ்ட்) பாத்து க்யூசி ஆளை, அதாவது தரம் பாக்குறவரைக் கூப்பிடணும், அட்மிக்ஸ்சர்ங்கிற கெமிக்கல் போட்டு சரி பண்றதா திருப்பி அனுப்புறதான்னு அவர் முடிவு பண்ணட்டும்.

இப்ப சும்மா இருக்குற நேரத்துல ஒரு சின்ன பில்டிங் ட்ராயிங் எடுத்து பார் பெண்டிங் ஷெட்யூலை (எந்தக் கம்பி, என்ன நீளம், எத்தனைங்கிற பட்டியல்) நீங்களே கையால போடுங்க. கம்பி விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து அதையே அதால பெருக்கி 162ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும், 12 எம்எம்னா 0.89. அந்த ஷீட்டை இன்டர்வியூவுக்குக் கொண்டு போங்க. பெரிய கம்பெனிக்கு மட்டும் அப்ளை பண்ணிட்டுக் காத்திருக்காம பைலிங், ஷட்டரிங், வாட்டர் ப்ரூஃபிங் எடுத்துச் செய்ற சப் கான்ட்ராக்டர்களையும் நேர்ல போய்ப் பாருங்க, நான் பாத்தவரை அங்கதான் கதவு சீக்கிரம் திறக்குது.

கேள்வி: என்டிடி (பொருளை உடைக்காம குறை கண்டுபிடிக்கிற டெஸ்டிங்) லெவல் 2 கோர்ஸ் முடிச்சா உடனே வேலைனு சொல்றாங்க, நம்பலாமா?

பதில்: கோர்ஸ் தப்பில்ல, "உடனே"தான் தப்பு. எஸ்என்டி-டிசி-1ஏங்கிற என்டிடி வழிகாட்டு முறையில ஆளுக்கு சர்டிஃபிகேட் குடுக்குற பொறுப்பு வேலை குடுக்குற கம்பெனியோடது, கிளாஸோட கூட அனுபவ மணிநேரமும் காட்டணும். ஐஎஸ்ஓ 9712ங்கிற இன்னொரு முறைனா தனி அமைப்பு பரீட்சை வச்சு குடுக்குது, அதுலயும் அனுபவம் கேப்பாங்க. அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த மணிநேரத்தை எங்க சேர்க்க விடுவீங்கன்னு கேளுங்க, பதில் வரலன்னா கிளம்பிடுங்க.

கேள்வி: மெக்கானிக்கல். மெயின்டனன்ஸா, டிசைனா?

பதில்: மொதல்ல பிளான்ட். பம்ப் கப்ளிங்குக்கு டயல் கேஜ் வச்சு ஃபிட்டர் அண்ணன் பக்கத்துல நின்னு ஒரு தடவை அலைன்மென்ட் (ரெண்டு ஷாஃப்டையும் ஒரே நேர்ல கொண்டு வர்றது) பண்ணவங்க, பின்னாடி டிசைன் போடும்போது ஸ்பேனர் நுழைய எடம் விடுவாங்க. ஒண்ணு மட்டும், மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி லாக் அவுட் பண்ணி, அதாவது பவரை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவி உங்ககிட்ட இருக்கணும், யாரு அவசரப்படுத்தினாலும்.

கேள்வி: நான் பொண்ணு, சைட் வேணாம் ஆபீஸ்லயே பாருன்னு வீட்டுல சொல்றாங்க.

பதில்: ஆசை இருந்தா சைட்டை விடாதம்மா. பிளானிங், குவான்டிட்டி சர்வே (பொருள் அளவும் செலவும் கணக்குப் போடுற வேலை) போனாலும் சைட் பாத்தவங்க பேச்சுக்குத்தான் மதிப்பு. டாய்லெட் இருக்கா, நைட் கான்கிரீட்னா வண்டி விடுவாங்களா, உன் அளவுக்கு ஷூவும், உயரத்துல வேலை பாக்கும்போது மாட்டுற ஹார்னஸும் தருவாங்களான்னு இன்டர்வியூலயே கேளு. லூஸான ஹார்னஸ் விழும்போது ஆளைப் புடிக்காது.

கேள்வி: ஆஃபர் லெட்டர் குடுத்துட்டு டெபாசிட் கட்டச் சொல்றாங்க.

பதில்: கட்டாதீங்க. ஒரிஜினல் மார்க்ஷீட்டும் குடுக்காதீங்க.